ஹாங்காங்கில் ஒரு நாள் மலைநடை: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? (கேள்வி பதில்)

வெயில் தணிந்து நடைக்காலம் தொடங்கிவிட்டதால், இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் மலைவழிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நடந்து பழகியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஹாங்காங்கின் மிக உயரமான டாய் மோ ஷான் மலையே 957 மீட்டர்தான். கொடைக்கானலையும் ஊட்டியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவையெல்லாம் குன்றுகள்தாமே? நேரடியாகப் பெரிய மலையிலேயே தொடங்கலாமா?

பதில்: கொடைக்கானலுக்கு நாம் பேருந்தில் ஏறிப் போகிறோம், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தையும் வண்டிதான் ஏறுகிறது. இங்கே பல வழிகள் கடல்மட்டத்திலிருந்தோ அதற்குச் சற்று மேலிருந்தோ தொடங்குவதால், ஒவ்வொரு மீட்டரையும் நம் கால்களே ஏற வேண்டியிருக்கும். அதிலும் கடற்கரையோர வழிகளில் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குவதோடு வேலை முடிவதில்லை; ஒரு மணல்விரிகுடாவிலிருந்து மேடேறி, அடுத்த விரிகுடாவுக்கு இறங்கி, மறுபடியும் மேடேற வேண்டும். வரைபடத்தில் எங்குமே முந்நூறு மீட்டரை அதிகம் தாண்டாத ஒரு பாதை, நாள் முடிவில் உங்களை எழுநூறு மீட்டர் ஏற்றியிருக்கக்கூடும்.

உயரத்தைக் கொண்டு கடினத்தை அளக்க முடியாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு சாய் குங் தீபகற்பத்திலுள்ள ஷார்ப் பீக். அதன் உயரம் 468 மீட்டர்தான். லாண்டாவ் தீவிலுள்ள லாண்டாவ் சிகரத்தின் 934 மீட்டரில் பாதி. ஆனால் லாண்டாவில் கற்படிகள் கட்டிய, அடையாளப் பலகைகள் உள்ள பாதை இருக்கிறது. ஷார்ப் பீக்கிலோ உதிர்சரளை மூடிய செங்குத்தான சரிவு. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒரு மரம்கூட இருக்காது. புதியவர்களை நான் லாண்டாவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஷார்ப் பீக்குக்கு ஒருபோதும் அழைத்துப் போனதில்லை.

கேள்வி: அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நாங்கள் பொதுவாகப் படம் நன்றாக இருக்கும் இடத்துக்குத்தான் போகிறோம்.

பதில்: நான் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கித் திட்டமிடுவேன். நடை எங்கே முடிகிறது, அங்கிருந்து ஊருக்குத் திரும்ப என்ன வண்டி இருக்கிறது, அது எத்தனை மணி வரை ஓடுகிறது, அது கிடைக்காவிட்டால் வேறு வழி என்ன என்பவற்றை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து மணிநேரத்தைப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வந்தால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் உங்களால் எழ முடியாது என்றால் அந்த வழி அன்றைக்கு உங்களுக்கு உரியதன்று.

நேரத்தைக் கணக்கிட, 1892இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வோர் 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. பாக் குங் ஆவ் கணவாயிலிருந்து லாண்டாவ் சிகரம் ஏறி நோங் பிங்கில் இறங்கும் வழி 4.5 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர். விதிப்படி இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆனால் அந்த விதி ஸ்காட்லாந்தின் குளிருக்கும், நின்று இளைப்பாறாத கால்களுக்கும் வகுக்கப்பட்டது. செங்குத்தான கற்படிகளில் இறங்குவது ஏறுவதைப் போலவே நேரம் எடுக்கும் என்பதால், நான் இந்த வழிக்கு மூன்றரை மணி ஒதுக்குவேன்; குழந்தைகள் உடன் வந்தால் ஐந்து மணி. டிசம்பரில் இங்கே மாலை 5.40 அளவில் சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும், ஜூனில் அது 7.10 வரை இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடத்தை நான் சாய் குங் தீபகற்பத்துச் சாய் வான் கடற்கரையில் கற்றேன். மெக்லிஹோஸ் பாதை என்னும் நெடுநடை வழியின் இரண்டாம் பகுதியில் லாங் கேயிலிருந்து நடந்து, மாலையில் சாய் வான் கரையிலிருந்து விசைப்படகு பிடித்து சாய் குங் நகருக்குத் திரும்பிவிடலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் திட்டமிட்டிருந்தோம். கரைக்கு வந்தபோது கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகு எதுவும் வரவில்லை. வெளியேறும் வழியை முன்கூட்டியே பார்த்து வைக்காததால், மேட்டின் மேலுள்ள சாலைக்கு ஒரு மணி நேரத்தில் போயிருக்கக்கூடிய நாங்கள், பழக்கமான பாக் டாம் ஆவ் வரை மூவருக்கும் ஒரே கைவிளக்குடன் இருட்டில் நடந்தோம். கடலோர நடையில் படகைக் கூடுதல் வசதியாக மட்டும் எண்ணுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். வெயில் எனக்குப் புதிதன்று. கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் ஜூலை மாதத்தில் நடக்க நினைக்கிறேன்.

பதில்: கூட்டம் ஏன் குறைவாக இருக்கிறது என்று யோசித்தீர்களா, ஐயா? இங்கே கோடையில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 32 அல்லது 33 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழிகிறதே ஒழிய உலர்வதில்லை. சென்னையில் நீங்கள் வெயிலில் நடந்திருப்பீர்கள். முதுகில் மூட்டையோடு நானூறு மீட்டர் ஏறியிருக்க மாட்டீர்கள். லாண்டாவின் முகடுகளும் சாய் குங்கின் முகடுகளும் பெரும்பாலும் புல்வெளிகள் என்பதால், காலை எட்டு மணிக்குப் பிறகு ஒதுங்க நிழல் கிடையாது.

கோடையில் நடந்தே தீர வேண்டுமென்றால் நிழல் உள்ள ஷிங் முன் அல்லது டாய் டாம் நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டுப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் சிறிது உப்பும் வேண்டும். நீர்மோர் கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுவதாக இருந்தால் அதைவிடச் சிறந்த பானம் இல்லை. நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வியர்ப்பதை நிறுத்திவிட்டுப் பேச்சுக் குழறினால், அது ஓய்வெடுக்க வேண்டிய களைப்பன்று, உடனே 999ஐ அழைக்க வேண்டிய நிலை.

கேள்வி: வானிலை எச்சரிக்கைகளில் எவற்றைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட வேண்டும்?

பதில்: புயல் குறியீடுகள் 1, 3, 8, 9, 10 என்ற வரிசையில் இருக்கும். (பழைய 5 முதல் 8 வரையிலான எண்கள் 1973இல் திசைவாரியாக எட்டாம் எண்ணின் கீழ் கொண்டுவரப்பட்டதால்தான் 5, 6, 7 இல்லை.) மழைக்கு மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று நிலைகள், அவை முறையே மணிக்கு 30, 50, 70 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையைக் குறிக்கின்றன. அலுவலகங்களும் பள்ளிகளும் பெரிய எண்களுக்குத்தான் மூடுகின்றன என்பதால் பலர் அதே அளவுகோலை மலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஒன்றாம் எண் ஏற்றப்பட்டாலே நான் கடலோர வழிகளை விட்டுவிடுவேன். ஏனெனில் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே அதன் அலைகள் கரைக்கு வந்துவிடும். மஞ்சள் மழை எச்சரிக்கையோ இடி எச்சரிக்கையோ இருந்தால் ஓடைப்பாதையும் முகடும் வேண்டாம்.

குளிரையும் இலேசாக எண்ண வேண்டாம். 2016 ஜனவரி 24 அன்று நகரத்தில் வெப்பநிலை 3.1 பாகைக்கு இறங்கியபோது, உறைபனியைப் பார்க்க டாய் மோ ஷானுக்குப் போனவர்கள் பலர், பனிக்கட்டி படிந்த சாலையில் இறங்க முடியாமல் மீட்புப் பணியாளர்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அந்த உயரத்தில் நகரத்தைவிட ஏறத்தாழ ஆறு பாகை குறைவாக இருக்கும், காற்று வேறு.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இருவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. கடலும் மலையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

பதில்: மூட்டுவலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை, இறக்கத்திலும் சிமெண்டுப் படிகளே மிகக் கொடியவை. ஆகவே படிகளே இல்லாத வழிகளைச் சொல்கிறேன். விக்டோரியா சிகரத்தைச் சுற்றும் லுகார்ட் சாலை, ஹார்லெக் சாலை வட்டம் 3.5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், சக்கர நாற்காலியும் போகும், ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் தெற்குக் கடலும் தீவுகளும். அதைவிட அமைதியானது வான் சாய் பகுதிக்கு மேலேயுள்ள போவன் சாலை. டாய் டாம் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய கால்வாயின் மேல் அது அமைந்திருப்பதால், தண்ணீர் எப்படி மெல்லச் சரிந்து ஓடுமோ அப்படியே பாதையும் ஓடுகிறது.

அப்பாவுக்கு இன்னும் சற்று நடக்கும் தெம்பு இருந்தால், லாமா தீவில் யுங் ஷூ வானிலிருந்து சோக் குவூ வான் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். இரண்டு முனைகளிலிருந்தும் சென்ட்ரலுக்குக் கப்பல் உண்டு என்பது இதன் பெரிய வசதி. நடுவில் ஒரு மேடு மட்டும் உண்டு. அம்மாவை யுங் ஷூ வான் பக்கத்துக் கடற்கரை வரை அழைத்துப் போய்விட்டு அப்படியே திரும்பி வருவதிலும் தவறில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். வழியில் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: லாண்டாவ் சிகரத்திலிருந்து நோங் பிங்கில் இறங்கினால் அங்குள்ள போ லின் மடத்தில் சைவ உணவு உண்டு. பசியோடு இறங்கி வரும்போது, 34 மீட்டர் உயரப் புத்தர் சிலை தலைக்கு நேராகத் தெரியத் தொடங்கினால் சாப்பாடு நெருங்கிவிட்டது என்று பொருள். ஹாம் டின் போன்ற கடற்கரைக் கிராமங்களில் நூடுல்ஸும் வறுத்த சோறும் விற்கிறார்கள்; ஆனால் குழம்பிலும் சாறிலும் என்ன சேர்கிறது என்பதை மொழி தெரியாமல் கேட்டறிவது கடினம். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் நம் முன்னோர் நெடும்பயணத்துக்கென்றே கண்டுபிடித்தவையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தயிர்ச்சாதத்தைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலையானாலும் பொட்டலமானாலும் குப்பையை வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். மலைப்பாதைகளிலிருந்த குப்பைத்தொட்டிகளை 2017 இறுதிக்குள் அகற்றிவிட்டார்கள்.

கேள்வி: பெண் ஒருத்தி தனியாக நடப்பது பாதுகாப்பானதா?

பதில்: ஞாயிற்றுக்கிழமை பெயர்பெற்ற வழிகளில் நீங்கள் தனியாக இருக்க விரும்பினாலும் இருக்க முடியாது, அம்மா. தனியாக நடக்கும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆளைவிட நான் அஞ்சுவது கால் பிசகுவதைத்தான். நீண்ட பாதைகளில் ஒவ்வோர் 500 மீட்டருக்கும் எண்ணிட்ட தூரக்கம்பம் நட்டிருக்கிறார்கள்; கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டே போனால், உதவி கேட்கும்போது இடத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். வடகிழக்கு ஓரங்களில் செல்பேசி சீனப் பெருநிலத்தின் அலைவரிசைக்குத் தாவிவிடுவதுண்டு. ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருங்கள்.

கேள்வி: குரங்குகளுக்குப் பழம் கொடுக்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

பதில்: கூடாது. 2024 ஆகஸ்ட் முதல் இதற்கான உச்ச தண்டனை ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் அபராதமும் ஓராண்டுச் சிறையும். குரங்குகள் நிறைந்த காம் ஷான் பக்கம் போனால் கையில் பிளாஸ்டிக் பையே இருக்க வேண்டாம். பை என்றால் தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும்.

கேள்வி: பிப்ரவரியில் மூன்று நாள் மட்டும் வருகிறேன். ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம். எது?

பதில்: ஹாங்காங் தீவிலுள்ள டிராகன்ஸ் பேக். எல்லாரும் சொல்லும் பெயர் என்பதால் முதலில் தயங்கினேன். ஆனால் நான் மேலே சொன்ன கணக்கில் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. ஷாவ் கெய் வான் ரயில் நிலையத்துக்கு வெளியே 9ஆம் எண் பேருந்து ஏறி டோ டெய் வானில் இறங்கினால் நேரே பாதை தொடங்குகிறது. அரை மணி நேரத்திலேயே 284 மீட்டர் ஷெக் ஓ முகட்டின் மேல் இருபுறமும் கடல் விரியும். அதன்பின் வழி மரநிழலுக்குள் போகிறது. களைத்துவிட்டால் நடுவிலேயே கல்லறைத் தோட்டங்களின் ஓரமாகச் சாய் வான் (முன்பு சொன்ன கடற்கரை அன்று, இது Chai Wan) நகர்ப்புறத்துக்கு இறங்கி ரயில் பிடிக்கலாம். முழுவதும் நடந்தால் 8.5 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்தில் மணற்கரையில் போய் முடியும்.

அந்தக் கரையின் சீனப் பெயர் டாய் லாங் வான், அதாவது பேரலை விரிகுடா. சாய் குங்கின் கடைக்கோடியிலுள்ள புகழ்பெற்ற விரிகுடாவுக்கும் அதே பெயர், அதே எழுத்துகள். ஆகவே நண்பர்களை அங்கே வரச் சொன்னாலோ டாக்சி அழைத்தாலோ, "ஷெக் ஓ பக்கத்து டாய் லாங் வான்" என்று சேர்த்தே சொல்லுங்கள்.