மருந்துச் சோதனையில் சிலருக்குப் போலி மாத்திரை கொடுப்பது ஏன்? அது ஏமாற்று இல்லையா?

நிறம், வடிவம், சுவை எல்லாம் அசலைப் போலவே இருந்து, உள்ளே மருந்து மட்டும் இல்லாததுதான் போலி மாத்திரை.

சளி, முதுகுவலி போன்றவை பெரும்பாலும் தானாகவே தணியும். அப்படியிருக்க, குணமாக்கியது மருந்தா, கடந்துபோன நாட்களா? இதைப் பிரித்தறியத்தான் குலுக்கல் முறையில் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொன்றுக்குப் போலியும் தருகிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்துவது போலத்தான். மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால், "இப்போது தேவலையா?" என்று அவர் கேட்கும் தொனியே பதிலை மாற்றிவிடும்.

போலி கிடைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவதால் இது ஏமாற்று ஆகாது. பாதியில் விலகவும் உரிமை உண்டு. நெறிச்சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிரூபணமான சிகிச்சை ஏற்கெனவே இருந்தால் புதியதை அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சின்கி பிரகடனத்தின் பொதுவிதி. ஆனால் அந்தச் சிகிச்சை ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தால், அங்கே போலியோடு ஒப்பிடலாமா? தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் சோதனைகளில் 1997-ல் வெடித்த இந்த விவாதம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

போலி மாத்திரையே நோயைக் குணமாக்கிவிடும் என்பது தவறு; வலி, குமட்டல் போன்ற உணர்வுகள் குறையலாம், புற்றுக்கட்டி அதனால் சுருங்காது.