பச்சை பிளம்ஸ்: எதைக் கடிக்கலாம், எதைக் கொதிக்க வைக்கணும், எதை ஊற வைக்கணும்? (கேள்வி பதில்)

ஏப்ரல் பாதியிலிருந்து வளைகுடா நாட்டுக் கடைகளில் பச்சை பிளம்ஸ் குவியும். ஜூன் தொடக்கத்தில் ஜப்பான், கொரியாவில் வேறொரு பச்சைக் காய் வரும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் சாப்பிடும் முறை வேறு. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பம்தான். அதனால் எந்த ஊரில், என்ன பெயரில் வாங்கினீர்கள் என்பதைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ரேவதி, ஷார்ஜா: அக்கா, இங்க சூப்பர் மார்க்கெட்ல கோலி சைஸ்ல பச்சையா ஒரு பழம். ஈரான்ல இருந்து வருதுன்னு போட்டிருக்கு. இது பழுக்காத பிளம்ஸா? பழுக்க வச்சு சாப்பிடணுமா?

பழுக்க வைக்க வேண்டாம் ரேவதி, காயாகச் சாப்பிடத்தான் பறிக்கிறார்கள். ஈரானில் இதற்குப் பெயர் கோஜே சப்ஸ். துருக்கியில் ஜான் எரிக், லெபனானில் ஜானரெக். பெரும்பாலும் புரூனஸ் செராசிஃபெரா என்னும் செர்ரி பிளம் இனம். மரத்திலேயே விட்டால் மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுக்கும். ஆனால் அங்கே கிராக்கி, கடித்தால் 'நறுக்'கென்று உடையும் இந்தப் பருவத்துக்குத்தான்.

கழுவி, ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, உப்பைத் தொட்டுக் கடிப்பதுதான் அந்த ஊர் வழக்கம். உப்பை மொத்தமாகத் தூவி வைத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் நீர் விட்டு மொறுமொறுப்பு போய்விடும். கிண்ணத்தில் தனியாக வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொள்ளுங்கள். உப்போடு கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்தால் நம் மாங்காய்ப் பத்தை ருசிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அதே கேள்விக்குத் தொடர்ச்சி: நல்லதா எப்படிப் பார்த்து எடுக்கறது? போன வாரம் வாங்கினது ஒரே துவர்ப்பு.

நான்கு விஷயம் பாருங்கள். காம்பு இருந்தால் அது பச்சையாக இருக்கணும், கருத்திருந்தால் பழைய சரக்கு. தோல் இறுக்கமாக, பளபளப்பாக இருக்கணும். அதன் மேல் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் இன்னும் நல்லது. அது மருந்து அல்ல, பழத்தின் இயற்கை மெழுகு. விரலால் அழுத்தினால் துளியும் அமுங்கக் கூடாது. நான்காவது, அளவு. சீசன் தொடங்கியதும் வரும் மிகச் சிறியவற்றில் துவர்ப்பு கூடுதல். இரண்டு மூன்று வாரம் கழித்து வருபவற்றில் சாறு ஏறி, புளிப்புக்கு அடியில் லேசான இனிப்பும் இருக்கும். துருக்கிச் சரக்கு கிடைத்தால் பாபாஸ் எரிக் என்ற வகையைக் கேட்டுப் பாருங்கள். ஜான் எரிக்கைவிடப் பெரிது, சதை நிறைய.

வீட்டுக்கு வந்ததும் கழுவாமல், காகிதம் விரித்த டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் காம்புக் குழியில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

பிரபு, ஒசாகா: ஜூன்ல இங்க 'உமே'ன்னு பச்சையா ஒரு கிலோ பாக்கெட் விக்கறாங்க. அதையும் உப்பு தொட்டு சாப்பிடலாமா?

கூடாது பிரபு. பச்சை உமேயைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அது புரூனஸ் முமே, பிளம்ஸைவிட ஆப்ரிகாட்டுக்கு நெருங்கிய சொந்தம். காயாக இருக்கும்போது கொட்டையில் மட்டுமல்ல, சதையிலும் அமிக்டலின், புரூனாசின் என்ற பொருள்கள் இருக்கும். வயிற்றுக்குள் போனதும் அவை உடைந்து சயனைடு வெளிவரும். ஒன்றைக் கடித்துத் துப்பியதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நிறையத் தின்றால் வாந்தி, தலைசுற்றல் வரும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழுக்கும்போதும், உப்பிலோ சர்க்கரையிலோ சாராயத்திலோ நாள்பட ஊறும்போதும் அந்தப் பொருள் குறைந்துவிடும். அதனால்தான் ஜப்பான், கொரியா, சீனா மூன்றிலும் இதைப் பதப்படுத்தியே பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் பக்கத்திலேயே வகயாமா மாநிலம். ஜப்பானிய உமேயில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைகிறது. மினாபே, தனாபே பகுதியின் உமே சாகுபடி முறையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2015-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. பாக்கெட்டில் 'நான்கோ' என்று இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பெரிய காய், மெல்லிய தோல், சின்னக் கொட்டை.

பிரபு: அப்போ முதல் தடவை செய்ய எது சுலபம்?

சிரப். மது வேண்டாம் என்பவர்களுக்கும் சரிவரும்.

உமே 1 கிலோ, கற்கண்டு 1 கிலோ, 4 லிட்டர் கண்ணாடி ஜாடி. காயைக் கழுவி, ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி ஈரமே இல்லாமல் எடுங்கள். காம்புக் குழியில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு இருக்கும். பல் குத்தும் குச்சி நுனியை ஓரமாகக் கொடுத்து நெம்பினால் 'டக்'கென்று தெறிக்கும். அதை விட்டால் கசப்பும் பூஞ்சையும் அங்கிருந்துதான் வரும். பிறகு ஃப்ரீசரில் ஒரு இரவு முழுக்க வையுங்கள். உறையும்போது சதையின் செல்கள் கிழிவதால் சாறு சீக்கிரம் இறங்கும். கொதிநீர் ஊற்றிக் காயவைத்த ஜாடியில் உமே, கற்கண்டு என்று மாறி மாறி அடுக்கி, மேலே கற்கண்டு வருகிறாற்போல் முடியுங்கள்.

தினமும் இரண்டு மூன்று தடவை ஜாடியைச் சாய்த்துக் குலுக்கணும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குலுக்காவிட்டால் மேலே உள்ள காய் சிரப்பில் நனையாமல் நின்று புளித்துவிடும். ஏழு முதல் பத்து நாளில் கற்கண்டு கரைந்து, காய் சுருங்கிவிடும். காயை எடுத்துவிட்டு சிரப்பை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு பங்கு சிரப்புக்கு நாலைந்து பங்கு குளிர்ந்த தண்ணீர்.

நடுவில் நுரை பொங்கினால் ஈஸ்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். காயை எடுத்துவிட்டு, சிரப்பை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க விடாமல் 80 டிகிரி அளவில் 15 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். முதலிலேயே 100 மில்லி வினிகர் ஊற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கொரியாவின் மேசில் சோங் ஏறக்குறைய இதேதான். சாதாரணச் சர்க்கரை சம எடைக்கு, சுமார் 100 நாள் ஊறல்.

நாசர், தோஹா: ஜார்ஜியா உணவகத்துல கிரில் கோழிக்குப் பச்சையா ஒரு புளிப்பு சாஸ் வச்சாங்க. வீட்ல செஞ்சா பச்சை நிறம் போய் பழுப்பாயிடுது. என்ன தப்பு?

அது ட்கெமாலி. ஜார்ஜியர்களுக்குக் கறி, உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாவற்றோடும் வேணும். வசந்தத்தில் பச்சைக் காயில், கோடையில் சிவந்த பழத்தில் செய்வார்கள்.

நிறம் போவதில் உங்கள் தப்பு பாதிதான். பச்சையம் புளிப்பில் கொதித்தால் ஆலிவ் நிறத்துக்கு மாறியே தீரும், அதைத் தடுக்க முடியாது. கீரைகளையும் முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டால்தான் முழுக்கப் பழுப்பாகும். வரிசையை மாற்றுங்கள்.

1 கிலோ பச்சை பிளம்ஸ், கொட்டை எடுக்க வேண்டாம். முக்கால் கப் தண்ணீரோடு மூடி சிம்மில் 15 முதல் 20 நிமிடம், தோல் வெடித்துச் சதை குழையும் வரை. கை பொறுக்கும் சூட்டில் பெரிய கண் சல்லடையில் கையாலேயே தேய்த்து இறக்குங்கள். மிக்சியில் போட்டால் கொட்டைத் துண்டு விழுந்து கசக்கும். இறங்கிய விழுதில் 2 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் வறுத்துப் பொடித்த தனியா சேர்த்து ஐந்து நிமிடம் கொதி. அடுப்பை அணைத்த பிறகுதான் ஐந்து பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு கட்டு கொத்தமல்லி, அரைக் கட்டு டில் என்னும் சதகுப்பைக் கீரை, எல்லாவற்றையும் நைசாக அரைத்துக் கலக்கணும். ஓம்பாலோ என்று ஒரு காட்டுப் புதினா போடுவது அந்த ஊர் முறை. கிடைக்காவிட்டால் காய்ந்த புதினா 1 டீஸ்பூன்.

சூடாக இருக்கும்போது நீர்த்தாற்போல் தெரியும். உடனே மாவு கரைத்து ஊற்றாதீர்கள். பிஞ்சில் பெக்டின் என்னும் கெட்டியாக்கும் பொருள் அதிகம், ஆறினால் தானே கெட்டியாகும். அலுமினியப் பாத்திரமோ இரும்புச் சட்டியோ வேண்டாம், புளிப்பு உலோகத்தை இழுத்து ருசியையும் நிறத்தையும் கெடுக்கும். பாட்டிலில் மேலாக ஒரு விரல் எண்ணெய் நிறுத்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். பச்சைப் பூண்டு இருப்பதால் வெளியே வைக்க வேண்டாம்.

மாலதி, குவைத்: கறிக் குழம்புல போட்டா பிளம்ஸ் கரைஞ்சு கொட்டை மட்டும் மிதக்குது.

போடும் நேரம்தான் பிரச்சினை. ஈரானில் நானா ஜாஃபரி கோரேஷ் என்று ஒரு குழம்பு உண்டு. அரை கிலோ ஆட்டுக்கறிக்கு 250 கிராம் பார்ஸ்லி, 100 கிராம் புதினா, 300 கிராம் பச்சை பிளம்ஸ். பார்ஸ்லியை எண்ணெயில் கருகாமல் கரும்பச்சை ஆகும் வரை வதக்கி, புதினாவைக் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் சேர்ப்பார்கள். புதினா அதிகம் வதங்கினால் கசக்கும். கறி முழுதாக வெந்த பிறகே பிளம்ஸ் உள்ளே போகும், அதுவும் முழுசாக. மூடி போட்டு 15 நிமிடம், கரண்டி போட்டுக் கிளற வேண்டாம்.

ஜார்ஜியாவில் ஈஸ்டர் சமயத்துச் சாகாபுலியில் இதற்கு நேர்மாறு. ஆட்டுக்கறி, கைநிறைய டாரகன் என்னும் மணக்கீரை, வெங்காயத்தாள், வெள்ளை ஒயின், பிளம்ஸ் எல்லாம் ஒன்றாகவே ஏறும். அங்கே பிளம்ஸ் கரைந்து சாறாவதுதான் நோக்கம்.

நம் சமையலுக்கு: பருப்பும் உருளைக்கிழங்கும் வேகும் முன் பிளம்ஸைப் போட்டால் அவை விறைத்துக்கொண்டு வேகாது. புளி ஊற்றும் இடத்தில்தான் பிளம்ஸும். மீன் குழம்புக்கு, அரை கிலோ மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு காயைக் கீறிப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் மீனைப் போடுங்கள். முதல் தடவை புளியை முழுசாக விடாமல் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

ஒரு வாசகர், கொடைக்கானல்: எங்க ஊர் பிளம்ஸைக் காயா பறிச்சா இதெல்லாம் செய்யலாமா?

சமையலுக்குத் தாராளமாக. ஆனால் உப்பு தொட்டுக் கடிக்க ஜான் எரிக் அளவுக்கு வராது. மலையில் விளைவது பெரும்பாலும் ஜப்பானிய பிளம்ஸ் இனம். காயில் தோல் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாக இருக்கும். ட்கெமாலிக்கும் ஊறுகாய்க்கும் அது தடையில்லை. முழுப் பச்சையைவிட, ஓரத்தில் லேசாக நிறம் திரும்பிய கெட்டிக் காயாகப் பாருங்கள்.

ஊறுகாய்க்கு: அரை கிலோ காய், ஈரம் போகத் துடைத்துச் சதையை நறுக்கி, 60 கிராம் கல்லுப்பும் அரை டீஸ்பூன் மஞ்சளும் போட்டு இரண்டு நாள். விட்ட நீரைக் கொட்ட வேண்டாம். 35 கிராம் மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம் ஒரு டீஸ்பூன், கடுகு ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்தது. 150 மில்லி நல்லெண்ணெயைப் பெருங்காயத்தோடு காய்ச்சி, முழுக்க ஆறின பிறகு ஊற்றணும். சூடாக ஊற்றினால் சதை கூழாகிவிடும். மாங்காய் தாங்கும், இது தாங்காது.

சுகந்தி, லண்டன்: கிரீன்கேஜ்னு இங்க விக்கறதும் இதுதானா?

இல்லை. அது பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் வகை, தேன் மாதிரி இனிப்பு. ஆகஸ்ட் வாக்கில் வரும். பிரான்சில் கிளாட் ராணியின் பெயரால் ரென் கிளோட் என்பார்கள். அமுக்கினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போது சாப்பிடுங்கள், ஜாமும் அருமையாக வரும். இதைப் போட்டு ட்கெமாலி செய்ய முடியாது.

கோகிலா, அபுதாபி: அம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. எனக்கு அஞ்சாம் மாசம். சாப்பிடலாமா? வெயிட் குறையும்னு வேற சொல்றாங்களே?

பழுத்த பிளம்ஸ் 100 கிராமில் சுமார் 46 கலோரி, 9.5 மில்லிகிராம் வைட்டமின் சி, 1.4 கிராம் நார்ச்சத்து, 157 மில்லிகிராம் பொட்டாசியம். காயில் சர்க்கரை அதைவிடக் குறைவு, மாலிக் அமிலம் அதிகம். நல்ல தின்பண்டம்தான். ஆனால் வைட்டமின் சி-க்கு நம் கொய்யாவும் நெல்லியும் இதைவிடப் பல மடங்கு மேல். எடையைக் குறைக்கும் மருந்து என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. பிஸ்கட்டுக்குப் பதில் இதைச் சாப்பிட்டால் கலோரி குறையும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரையைவிட, தொட்டுக்கொள்ளும் உப்பில்தான் கவனம் வேணும். உப்பில்லாமல், வறுத்த சீரகப் பொடி தொட்டுக் கொடுங்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். உங்களுக்கு, நன்றாகக் கழுவி நாளைக்கு ஐந்தாறு காய் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம், நெஞ்செரிச்சல் இருக்கும் நாளில் தொடவே வேண்டாம். ஒரே மூச்சில் கால் கிலோ தின்றால் அதில் உள்ள சார்பிட்டால் என்னும் மலமிளக்கும் இனிப்புப் பொருளும் அமிலமும் வயிற்றைக் கலக்கும். மலச்சிக்கலுக்கு இதைவிட உலர்ந்த பிளம்ஸ் நல்லது. அதில் சார்பிட்டாலும் நாரும் செறிந்திருக்கும். நாட்டு மருந்துக் கடை ஆல்பக்கடாவும் உலர்ந்த பிளம்ஸ்தான்.

சாப்பிட்டதும் பல் கூசும். வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் பல் தேய்க்காதீர்கள். புளிப்பில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்தெடுத்துவிடும்.

நாசர் மறுபடியும்: கொட்டை இளசா வெள்ளையா இருக்கு, எங்க ஆபீஸ்ல அதையும் சேர்த்து மெல்றாங்களே?

சீசன் தொடக்கத்துப் பிஞ்சில் கொட்டை ஓடு கட்டியிருக்காது, அதனால் சிலர் அப்படியே மென்றுவிடுவார்கள். செர்ரி பிளம்ஸின் பருப்பிலும் அமிக்டலின் உண்டு. ஒன்றிரண்டு தெரியாமல் போனால் பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது சதையைச் சீவிக் கொடுங்கள். வழவழப்பான கொட்டை தொண்டையில் சறுக்கி மூச்சுக்குழாயை அடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

செல்வம், மதுரை: அந்தக் கொட்டையைப் போட்டு இங்க வளர்க்கலாமா?

முளைக்க வைத்தாலும் காய்க்காது செல்வம். பூக்க 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேணும். மதுரையில் அது கிடைக்காது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இடம் இருந்தால் கொட்டை போடாமல் ஒட்டுக் கன்றாக வையுங்கள். பக்கத்தில் வேறு ரகம் ஒன்றும் நடணும், ஏனென்றால் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் காய் பிடிப்பதில்லை.