கத்தி பட்ட இடத்தில் கோடு இருக்கும்

வாசகர் கேள்விகளுக்கு பிளாஸ்டிக் சர்ஜன் பதில்

"பெயர் போட வேண்டாம் டாக்டரம்மா" என்று எழுதாத கடிதமே இந்த மாதம் இல்லை. ஊரை மட்டும் போடுகிறேன். நிறையப் பேர் கேட்டிருப்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் எதையும் வைத்துத் தைப்பதில்லை. வடிவம் கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தழும்பில்லாத ஆபரேஷன் என்றும் ஒன்று கிடையாது. தழும்பை எந்த மடிப்புக்குள் ஒளிப்பது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது.

எனக்கு 46 வயது. ஜிமிக்கி போட்டுப் போட்டு வலது காது ஓட்டை கோடாக இறங்கியிருந்தது. போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் குழந்தை பிடித்து இழுத்ததில் அடியோடு அறுந்துவிட்டது. பக்கத்து பார்லரில், "தையலே வேண்டாம், மருந்து வைத்து ஒட்டிவிடலாம்" என்கிறார்கள். ஒட்டிக்கொள்ளலாமா?
— வாசகி, கோவில்பட்டி

வேண்டாம். அவர்கள் மருந்து என்று தடவுவது பெரும்பாலும் தோலை அரிக்கும் அமிலம். இரண்டு பக்கத்தையும் புண்ணாக்கி, ஆறும்போது ஒட்டிக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். பாதி இறங்கிய ஓட்டை அப்படிக் கொஞ்ச நாள் மூடியதுபோல் இருக்கும். திரும்பக் கம்மல் போட்டதும் பிரிந்துவிடும். உங்களுக்கோ முழுதாக அறுந்திருக்கிறது, மாதங்களும் ஆகிவிட்டன. அறுந்த இரண்டு ஓரத்திலும் இப்போது தோல் மூடியிருக்கும். தோலும் தோலும் எத்தனை நாள் சேர்ந்திருந்தாலும் ஒட்டாது. ஒட்டும் என்றால் நம் விரல்கள் எல்லாம் என்றைக்கோ ஒட்டியிருக்கும். அந்த ஓரத் தோலை மெல்லச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சதையைச் சதையோடு சேர்த்துத் தைக்க வேண்டும்.

மரத்துப்போக ஒரு ஊசி, அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஏழாம் நாள் வாக்கில் தையல் பிரிப்போம். நேர்கோடாகத் தைத்தால் காதின் அடி ஓரத்தில் சின்னப் பள்ளம் விழக்கூடும். அதைத் தவிர்க்கக் கோட்டைக் கொஞ்சம் வளைத்தோ மடக்கியோ தைப்பது உண்டு. திரும்பக் காது குத்த இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். குத்தும்போது தையல் கோட்டின் மேலேயே குத்தாமல் பக்கத்தில் குத்த வேண்டும். தழும்புச் சதைக்கு நல்ல சதையின் பலம் ஒருநாளும் வராது. நம் பாட்டிகள் மாட்டல் போட்டது அலங்காரத்துக்கு மட்டுமில்லை, ஜிமிக்கியின் கனத்தில் பாதியைத் தலைமுடி தாங்கிக்கொள்ளும். வருவதற்கு முன் சர்க்கரை பார்த்துக்கொண்டு வாருங்கள். நெஞ்சிலோ தோளிலோ தடித்து வளர்ந்த தழும்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கீலாய்டு வளரும் உடம்பு என்றால் காதிலும் அது வளரும்.

என் ஆச்சிக்குப் பாம்படம் போட்டு வளர்த்த காது, தோளைத் தொடும். அவள் தங்கை காலம் மாறியதும் தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி காதை ஒருத்தி கேலி பேசுவார்கள். அழகுக்கான ஆபரேஷன் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது. எலுமிச்சை, பீர்க்கங்காய் நார், கடலை மாவு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, போகவில்லை. பள்ளியில் கேலி செய்கிறார்களாம். லேசர் செய்தால் போகுமா?
— ஒரு தாய், விருதுநகர்

முதலில் அந்த நாரைத் தூக்கி எறியுங்கள் அம்மா. அது அழுக்கே இல்லை. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். தொட்டுப் பாருங்கள், வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக, வரிவரியாக இருக்கிறதா? அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதே மாதிரி இருக்கிறதா? சின்னச் சின்னதாய் மருக்கள் தொங்குகின்றனவா? அப்படியென்றால் அது தோலின் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது சொல்வதை உடம்பு கேட்பதில்லை. கேட்கவைக்க உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின்தான் மடிப்புத் தோலை வேகமாக வளரச் செய்து தடிக்கவைக்கிறது. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் பாருங்கள். அது 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறாள் என்று அர்த்தம், 6.5-ஐத் தொட்டாலே உள்ளே போய்விட்டாள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, மேலுதட்டில் முடி வளர்கிறதா என்றும் கேளுங்கள். பிசிஓடி என்கிற சினைப்பைக் கோளாறும் இதுவும் அடிக்கடி கைகோத்து வரும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை உண்டா? அதை நீங்கள் எழுதவில்லை.

லேசரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காரணத்தை விட்டுவிட்டு நிறத்தைச் சுரண்டினால் திரும்ப வரும். சாயங்காலம் பஜ்ஜியும் குளிர்பானமும் நின்று, தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடி, எடை குறையும்போது கழுத்தும் தெளியும். நாளாகும், ஆனால் தெளியும். என்னிடம் வெளுப்புக் கேட்டு வந்து, சர்க்கரை டாக்டரிடம் அனுப்பப்பட்டு, "கன்சல்டேஷன் பீஸ் வீணாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள் பல பேர். (நடுவயதுக்கு மேல் ஒல்லியான ஒருவருக்குத் திடீரென்று இந்தக் கறுப்பு வந்து, எடையும் இறங்கினால் கதை வேறு. அரிதாக வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாகவும் வரும். அவர் தாமதிக்கக் கூடாது.)

இரண்டு மாதத்தில் கல்யாணம். குளூட்டாதயோன் ஊசி பத்து போட்டால் கலராகிவிடலாம் என்கிறார்கள். இதற்கிடையில் தோழி கொடுத்த, லேபிள் இல்லாத க்ரீம் ஒன்றைப் பூசுகிறேன். ஒரே வாரத்தில் பளிச்சென்று இருக்கிறது!
— மணப்பெண், மதுரை

ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனதுதான் என் கவலை. அந்த டப்பாவுக்குள் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். ஸ்டீராய்டு பூசினால் முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பரு பொங்கும். நிறுத்தினால் முகம் எரியும், எரிச்சல் தாங்காமல் திரும்பப் பூசுவீர்கள். இதனால்தான் 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். பாதரசம் இன்னும் மோசம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகியது செய்தியானது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போயிருக்கிறது. டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள். அதை இனிப் பூச வேண்டாம், நிறுத்தியதால் எரிந்தால் அவரிடமே சொல்லுங்கள்.

ஊசியா? நிறத்துக்காக நரம்பில் குளூட்டாதயோன் ஏற்றுவது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. என் மகளுக்குப் போட மாட்டேன்.

டாக்டர், எனக்கு வயது 19. பதினாலு வயதிலிருந்து மார்பு பெண்களுக்கு மாதிரி இருக்கிறது. குற்றாலத்தில்கூடப் பனியனோடுதான் குளிக்கிறேன். ஹாஸ்டலில் சட்டை மாற்ற பாத்ரூமுக்குள் போகிறேன். ஜிம்மில் ஆறு மாதம் போராடியும் குறையவில்லை. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
— தென்காசி

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் வெளிநோயாளிகள் அறையில் கையை மார்பில் கட்டிக்கொண்டு, கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பார்த்தாலே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அத்தனை பேர் வருகிறார்கள்.

வயதுக்கு வரும் காலத்தில் ஆண் பிள்ளைகள் பலருக்கு மார்புச் சுரப்பி கொஞ்சம் வளரும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். உனக்கு ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனி வற்றாது. மல்லாந்து படுத்து, காம்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்திப் பார். காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. எத்தனை புஷ்-அப் எடுத்தாலும் அது கரையாது. அடியில் தசை வளர்ந்து அதை இன்னும் முன்னால் தள்ளிக் காட்டும், அவ்வளவுதான். எங்கும் மெத்தென்று இருந்தால் கொழுப்பு, எடை குறைந்தால் அதுவும் குறையும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல். ஜிம்மில் பவுடர், ஊசி, மாத்திரை என்று யாராவது கொடுத்தார்களா? சிலவற்றில் ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டு. உடம்பு அதைப் பெண் ஹார்மோனாக மாற்றி இதே வேலையைச் செய்யும். விரையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று குளிக்கும்போது பார்த்துக்கொள். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டியாக வளர்ந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆபரேஷன் என்றால் மயக்கம் கொடுத்து, குழாய் வழியே கொழுப்பை உறிஞ்சிவிட்டு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சின்னக் கீறல் போட்டு, சுரப்பியை எடுப்போம். கறுப்பும் மாநிறமும் சேரும் கோட்டிலேயே தழும்பு ஒளிந்துகொள்ளும். ஒன்றரை மாதம் வரை இறுக்கமான பனியன் போட வேண்டும். காம்பைச் சுற்றிச் சில மாதம் மரத்த மாதிரி இருக்கும். அப்பாவிடம் வாயால் சொல்ல முடியாவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் பார்க்கிற இடத்தில் வை. "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று ஆரம்பித்து, பையன் சட்டையைக் கழற்றியதும் பேச்சு நின்றுபோன அப்பாக்களை எனக்குத் தெரியும்.

எனக்கு 42 வயது, கடையில் கல்லா வேலை. தொப்பையை லைப்போசக்‌ஷனில் எடுத்தால் எத்தனை கிலோ குறையும்?
— சிவகாசி

கிலோ கணக்குக்கு இது சிகிச்சையே இல்லை. மல்லாந்து படுங்கள். தொப்பை பக்கவாட்டில் சரிந்து, கையில் கொத்தாகப் பிடிக்க வந்தால் கொழுப்பு தோலுக்கு அடியில் இருக்கிறது. அதைத்தான் எங்களால் உறிஞ்ச முடியும். படுத்தும் பானை மாதிரி விறைப்பாக நின்றால் கொழுப்பு தசைக்குப் பின்னால், குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே எங்கள் குழாய் போகவே கூடாது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் இதயமும் சர்க்கரையும் பார்க்க வேண்டிய நேரம். கல்லாவில் நாள் முழுக்க உட்காருகிறீர்கள், மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள், பேசுவோம்.

23 வயதில் முன்நெற்றி ஏறிவிட்டது. பாதி விலைச் சலுகையில் முடி நடலாமா?
— திருநெல்வேலி

பொறு. பின்னந்தலையில் எடுக்கக்கூடிய முடி ஒரு வங்கிக் கணக்கு மாதிரி, எடுத்தால் திரும்ப நிரம்பாது. உன் வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாமல் இப்போதே முன்னால் நட்டுவிட்டால், அதற்குப் பின்னாலிருக்கும் சொந்த முடி உதிர்ந்து, நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். முதலில் மருந்தில் நிறுத்தப் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு முன் டெங்குவோ டைபாய்டோ வந்ததா என்றும் யோசித்துப் பார், அப்படி உதிர்ந்த முடி தானாகத் திரும்ப வளரும். நடுவதும் ஆபரேஷன்தான். முடி நடுவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

என் நாலு வயது மகள் மேல் எட்டு மாதம் முன்பு கொதிக்கும் ரசம் கொட்டிவிட்டது. ஆறிவிட்டது, ஆனால் முழங்கையை நீட்ட முடியவில்லை. பெரியவளானதும் கல்யாணத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொள்ளலாம் என்கிறார் மாமியார்.
— சங்கரன்கோவில்

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, இந்த வாரமே குழந்தையைக் கூட்டிக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு வளரும், தழும்பு வளராது. இழுத்துக்கொண்டே போனால் மூட்டும் நரம்பும் ரத்தக்குழாயும் அந்த மடங்கிய நிலைக்கே பழகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி நீவுவது, இரவில் கையை நீட்டிக் கட்டும் பட்டை, முழங்கையை மூடும் இறுக்கமான உறை இவற்றால் எவ்வளவு சரியாகும், கத்தி எப்போது வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இது அழகுக்கான ஆபரேஷன் இல்லை, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்கிறார்கள்.

நான் படிக்கும்போது சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டில் இருந்தேன். ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி வரும் பெண்கள், தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய்த் திரும்ப வருவார்கள். அவர்களில் ஒருத்திகூட என்னிடம் அழகைக் கேட்டதில்லை. "வாய் மூடணும் டாக்டர், சோறு வெளியே விழுது" என்பார்கள்.

அடுத்த முறை யாருக்குச் சுட்டாலும் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இட்லி மாவு, இங்க், பற்பசை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம்.

அடுத்தவர் முகத்தைச் சரிசெய்கிறீர்களே, உங்களுக்கு என்ன செய்துகொண்டீர்கள்?
— குறும்பு வாசகர், தூத்துக்குடி

காது. ஆச்சி கொடுத்த கல் கம்மலின் கனத்தில் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது, என் மாணவி ஒருத்திதான் தைத்தாள். வலது பக்கம் தேடினாலும் தெரியாது. இடது பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. தையலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.