கொடுத்த சொல்லுக்கு எழுதிய கவிதை

கேள்வி: அம்மா, நாங்கள் 20 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். தினமும் காலையில் ஒரு சொல்லோ படமோ போடுவார்கள். ராத்திரிக்குள் கவிதை எழுதிப் போட வேண்டும். ஒரு வருஷத்தில் என்னிடம் 80 கவிதை சேர்ந்துவிட்டது. இப்போது ஒரு கவிதைப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். தலைப்பு தரவில்லை, 'எங்கும் வெளிவராத சொந்தக் கவிதை' என்று மட்டும் இருக்கிறது. இவற்றை அனுப்பலாமா? "யாரோ கொடுத்த சொல்லுக்கு எழுதினது எப்படி உன் சொந்தக் கவிதையாகும்?" என்கிறார் வீட்டுக்காரர். 'குடை' என்ற சொல்லுக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: தாராளமாக அனுப்புங்கள். வீட்டுக்காரரிடம் காளமேகப் புலவரின் கதையைச் சொல்லுங்கள். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொல்லி அவரை மடக்கப் பார்த்தார்களாம். அவர் 'செருப்புக்கு' என்று தொடங்கி, அதை 'செரு', 'புக்கு' என்று பிரித்தார். போர்க்களம் புகுந்த வீரர்களை உழக்கும் முருகன் வந்து நின்றான். விளக்குமாறும் துடைப்பமாக இல்லாமல், விளங்கச் சொல்லும் வழியாக மாறிவிட்டது. எட்டயபுரத்தில் 'பாரதி சின்னப்பயல்' என்று பாட்டின் கடைசி அடியைக் கொடுத்த கதையும் அதுதான். 'பார், அதி சின்னப்பயல்' என்று அதை வெட்டி, கொடுத்த காந்திமதிநாதரிடமே பாரதி திருப்பி விட்டார் என்பார்கள். சொல்லைக் கொடுத்தது வேறு ஆள்தான். அதை எங்கே வெட்டுவது என்று கண்டுபிடித்தது பாடியவர். அந்த இடம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் கவிதை உங்களுடையதுதான்.

எனக்குள்ள கவலை வேறு. சில வருஷம் முன்பு எங்கள் ஊர் நூலக வார விழாவில் கவிதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். ஆள் இல்லாத ஊஞ்சலைப் பற்றி 6 கவிதை வந்தது. ஏதோ ஒரு படத்தைப் பார்த்துத்தான் 6 பேரும் எழுதியிருக்கிறார்கள் என்று மூன்றாவதைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஐந்தில் கடைசி வரி ஒன்றேதான்: ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆறாவதில் ஒரு தாத்தா, பேத்தி ஊருக்குப் போன மறுநாள், கிறீச்சிடும் கொக்கிக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறார். அவ்வளவுதான். அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எண்ணெய்க் கிண்ணம் கண்ணிலேயே நின்றது. உங்கள் குழுவில் இன்னும் 19 பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதே போட்டிக்கு அனுப்பலாம். ஒரு சொல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உங்களுக்கும் தோன்றியிருக்கும். அதையே எழுதிய கவிதைகளை இந்த முறை விட்டுவிடுங்கள்.

'வெளிவராத' என்ற நிபந்தனையை அலட்சியம் செய்யாதீர்கள். 20 பேர் மட்டும் பார்த்தது வெளியானதாகுமா என்பதை நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால் அதை அனுப்ப வேண்டாம். வெளியானதாகவே பெரும்பாலும் கொள்வார்கள். சொல்லுக்குப் பதிலாக ஒரு கவிஞரின் வரியையே குழுவில் கொடுத்து, அது உங்கள் கவிதைக்குள் உட்கார்ந்திருந்தால், நீக்கிவிட்டுப் படியுங்கள். கவிதை நின்றால் அந்த வரி இல்லாமலே அனுப்பலாம். நிற்கவில்லையென்றால் அந்த வரி யாருடையது என்று கீழே எழுதுங்கள். போட்டி விதி அதற்கு இடம் தராவிட்டால் அனுப்பவே வேண்டாம்.

இனி உங்கள் குடை. முதல் 6 வரியில் குடை வானத்தைத் தடுக்கிறது, கறுப்புப் பூவாக விரிகிறது, மனிதர்களைச் சேர்க்கிறது. காலையில் வந்த சொல்லுக்கு நீங்கள் கட்டிய கடன் அது. ஏழாவது வரியில் பள்ளிக்கூட வாசல். கம்பி ஒடிந்த குடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். ஒடிந்த பக்கம் தன் தோளில் படாமல் இருக்க அவன் குடையைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறான். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஏழாவது வரியில் தொடங்குங்கள். மேலே இருக்கும் 6 வரியையும் அடித்துவிடுங்கள், மனசு வராதுதான். 'குடை' என்ற தலைப்பும் வேண்டாம். கடைசியில் 'தாய்மை' என்று ஒரு சொல் வருகிறதே, அதையும் எடுங்கள். பையன் குடையைத் திருப்புவதோடு நிறுத்திவிடலாம்.

திருத்தியதை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு வீட்டுக்காரரிடமே கொடுங்கள். என்ன சொல்லுக்கு எழுதியது என்று சொல்ல வேண்டாம். படித்து முடித்ததும் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். மகனைப் பற்றிக் கேட்டாரென்றால் மறுநாளே தபாலில் சேர்த்துவிடுங்கள்.