வெற்றுப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து: மருந்து ஆய்வில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: நாங்கள் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 50 வயது, பாசி எடுக்கப் போகிறவர். சர்க்கரை இருக்கிறது. பாறை கிழித்த காலில் புண் பல மாதமாக ஆறவில்லை. ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை எங்கள் ஊரில் இலவச முகாம் நடத்தியது. ரத்தம் எடுத்துவிட்டு, "பல்கலைக்கழகத்தில் கிளினிக்கல் டிரயல் ஆரம்பிக்கப் போகிறோம், புண்ணுக்குப் புதுக் களிம்பு, எல்லாம் இலவசம்" என்று சொல்லி, எதுவும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்தும் ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நகல் எதுவும் தரவில்லை. ஆள் சேர்த்தவரிடம் கேட்டால், "கையெழுத்துப் போட்டாச்சு, இனிமேல் பின்வாங்க முடியாது. ஏதாவது ஆனாலும் கேஸ் போட முடியாது" என்கிறார். தடைக்காலத்தில் சும்மா இருக்கும் என் தம்பியையும், "நல்ல உடம்புக்காரர்கள் வந்தால் பணம் கிடைக்கும்" என்று கூப்பிடுகிறார். என்ன செய்வது?
வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, அந்த ஆள் சொன்ன இரண்டுமே பொய். முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

இந்தியாவில் மருந்து ஆய்வுகளைக் கட்டுப்படுத்துவது 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். அதன்படி, ஆய்வில் சேர்ந்தவர் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் அந்த மருத்துவமனையில் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இனி கேஸ் போட முடியாது என்ற பேச்சுக்கு வருவோம். அப்படி ஒரு வரி படிவத்தில் அச்சடித்தே இருந்தாலும் அது செல்லாது. நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை முழுவதுமாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 28ஆவது பிரிவில் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் படிவம் என்பது ஆய்வைப் புரிந்துகொண்டு சம்மதித்ததற்கான சான்று. உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரம் அல்ல.

உங்கள் அம்மா விஷயத்தில் அந்தச் சான்றே இல்லை. படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கூடவே இருந்து, தானும் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் சேர்த்தவர் சாட்சியாக முடியாது. உங்களுக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துப் போகலாம். நீங்களும் கூட உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் அம்மா சுய நினைவோடு இருக்கும்போது அவருக்குப் பதிலாக நீங்கள் ஒப்புதல் தர முடியாது. அப்புறம், இதுவரை எங்கும் விற்பனைக்கு வராத புது மூலக்கூறு என்றால், எளிதில் நெருக்கடிக்கு ஆளாகக்கூடியவர்களின் ஒப்புதலை வீடியோவில் பதிவு செய்தாக வேண்டும். வறுமையில் இருப்பவர்களையும் வேலையில்லாதவர்களையும் விதிகள் இந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன.

ஆக, இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். முதன்மை ஆய்வாளர் (ஆய்வை நடத்தும் பொறுப்பு டாக்டர்), அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு உறுப்பினர் செயலர் என்று இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை பத்திரமாக வையுங்கள். வாசகம் இவ்வளவு போதும்: "இன்ன தேதி முகாமில் நிரப்பாத படிவத்தில் என் கையெழுத்து வாங்கப்பட்டது. ஆய்வைப் பற்றி எனக்கு எதுவும் விளக்கப்படவில்லை. அதை என் ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. படிவத்தையும் ஆதார் நகலையும் திருப்பித் தரவும். என்னிடம் எடுத்த ரத்தம் எதற்காக, முடிவு என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." கீழே அம்மா கையெழுத்து, படித்துக் காட்டியவர் கையெழுத்து. ரத்தம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். முகாமில் சர்க்கரை பார்க்க எடுத்தது என்றால் சரி. ஆய்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்க எடுத்தது என்றால், அதற்கு முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு என்று ஒன்று இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. குறைந்தது 7 பேர் கொண்டது. பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் படிக்காத பொதுமகன் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். அவர்கள் அனுமதி இல்லாமல் ஆய்வு நகராது. டாக்டர் திட்டுவாரோ என்று யோசிக்காமல் நேரடியாக அவர்களுக்கே எழுதலாம்.

சரி, ஆய்வில் சேரவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இன்று நாம் சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றும் யாரோ சிலர் மேல் சோதித்துப் பார்த்து வந்ததுதான். ஒழுங்காக நடக்கும் ஆய்வில் நோயாளியை அடிக்கடி, கவனமாகப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்றை அம்மாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: இது சிகிச்சை அல்ல, களிம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. யாருக்குப் புதுக் களிம்பு, யாருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடலாம். பல ஆய்வுகளில் கொடுக்கும் டாக்டருக்கே அது தெரியாது. அதனால், "வெறும் களிம்பு விழுந்தால், வழக்கமான கட்டும் சர்க்கரை மருந்தும் தொடருமா?" என்று கேளுங்கள். சர்க்கரைப் புண்ணில் சில வாரம் வீணானால் விரலே போய்விடக்கூடும். கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் வெறும் மருந்து கொடுத்துப் பாதிப்பு வந்தால், அதற்கும் இழப்பீடு உண்டு என்று விதியே சொல்கிறது.

ஆரம்பிக்கப் போகிறோம் என்றார்களே, அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சிடிஆர்ஐ பதிவேட்டில் பதிய வேண்டும். ஆய்வு எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி, ஆண்டு, மாதம் எனப் போகும். எண்ணைக் கேட்டு வாங்கி, போனிலோ இ-சேவை மையத்திலோ பாருங்கள், கட்டணம் இல்லை. யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த மருத்துவமனை, யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததா என்று அதில் இருக்கும். எண் இன்னும் வரவில்லை என்றால், வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

யார் பணம் போடுகிறார்கள் என்பதை நான் குறிப்பாகப் பார்க்கச் சொல்வேன். மருந்து கம்பெனி நடத்தும் ஆய்வு என்றால் இழப்பீடு கம்பெனியின் பொறுப்பு, பெரும்பாலும் இன்சூரன்ஸ் இருக்கும். ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ பல்கலைக்கழகமே படிப்புக்காகச் சோதித்தால், அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் தனி அனுமதி தேவையில்லை, நெறிமுறைக் குழு அனுமதி போதும். அப்படிப்பட்ட ஆய்வில், "ஏதாவது ஆனால் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இழப்பீட்டுக்கு டாக்டரின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிப்பு ஆய்வால் வந்தது என்று ஆனாலே போதும். முதலில் இலவச மருத்துவம். பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும்வரை அதை நிறுத்த முடியாது. உயிரிழப்புக்கு ஒரு சூத்திரம் உண்டு: 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதுக்கு ஒரு எண், நோயின் தீவிரத்துக்கு 0.5 முதல் 4 வரை ஒரு எண்ணால் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். 50 வயதுக்கான எண் 153.09. உங்கள் அம்மாவை நடுத்தர அபாயம், அதாவது 2 என்று வைத்தால், 24 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் வரும். அபசகுனமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். இந்தத் தொகை தெரியாததால்தான் சிலர் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு வாய்மூடிப் போகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் வாரிசுதாரர் பெயருக்கு ஓர் இடம் இருக்கும், அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. ஆய்வு மருத்துவமனை தூரத்தில் இருக்கும், காய்ச்சலோ வீக்கமோ வந்தால் நீங்கள் ஓடுவது ராமேஸ்வரத்துக்கோ ராமநாதபுரத்துக்கோதான். எங்கே போனாலும், ஆய்வில் இருப்பதைச் சொல்லி, நோயாளி தகவல் தாளை, அதாவது ஆய்வைப் பற்றி விளக்கி அவர்கள் எழுதித் தரும் தாளைக் காட்டுங்கள். படுக்கையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அது கடுமையான பாதிப்பு என்ற கணக்கில் வரும். ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். அதனால் உடனே போன் செய்து, கூடவே ஒரு மெசேஜும் அனுப்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். தகவல் தாளும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் கையில் வாங்காமல் முதல் களிம்பைக்கூடத் தடவ வேண்டாம்.

வருமானத்தையும் பேசிவிடுங்கள். காலை நனைக்கக் கூடாது என்பார்கள், நனைக்காமல் பாசிக்குப் போக முடியாது. பயணச் செலவோடு கூலி இழப்பையும் ஈடுசெய்ய ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

தம்பி விஷயம். நல்ல உடம்புக்காரர்களைக் கூப்பிடுவது பெரும்பாலும், ஒரு கம்பெனியின் மாத்திரை அசல் மாத்திரை அளவுக்கே ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கு. அங்கேயே தங்கவைத்துப் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். கொஞ்ச நாள் இடைவெளி விட்டு மறுபடி வரச் சொல்வார்கள். மறுமுறை தங்குவது ஜூன் 14க்குப் பிறகு விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அப்போது தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விடும். பாதியில் விலகினாலும் இருந்த நாட்களுக்கு உரிய தொகை எவ்வளவு என்று படிவத்தில் இருக்க வேண்டும். முழுதும் முடித்தால்தான் பணம் என்று சொல்லும் இடத்துக்குப் போக வேண்டாம். ஓர் ஆய்வில் இருப்பதை மறைத்து இன்னொன்றில் சேரச் சொல்லும் தரகர்கள் உண்டு. அது உடம்புக்கும் கேடு, பின்னால் இழப்பீடு கேட்கும்போது நமக்கு எதிராகவும் திரும்பும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண் என்பதாலேயே உங்கள் அம்மாவுக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. தொலைபேசி எண் 15100. போகும்போது ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் முகாம் நோட்டீஸையும் எடுத்துப் போங்கள்.