வன்னியின் குளக்கட்டும் கிரவல் வீதியும்: சைக்கிள்காரருக்கான கேள்வி பதில்

ஆற்றோரமாகவும் குளக்கட்டு வழியாகவும் வன்னிக்குள் சைக்கிள் ஓட விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. இந்தப் பாதைகளை நான் நன்றாகப் பழகியவன். ஒன்றிரண்டு இடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, சரளைப் பாதைக்கென்று அகன்ற ரயர் போட்ட ஒரு கிரவல் சைக்கிள் புதிதாக வாங்கியிருக்கிறேன். ஏ9 வீதியிலேயே ஓடி அலுத்துப்போச்சு. முதலில் எங்கே போகலாம்?

பதில்: பக்கத்திலேயே இரணைமடு இருக்கும்போது தூரம் போக வேண்டாம், தம்பி. இரணைமடுச் சந்தியால் கிழக்கே திரும்பிக் குளத்துக்குப் போங்கள். கனகாம்பிகை அம்மன் கோயிலடியில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, வலதுகரை வாய்க்கால் பக்கமாக வட்டக்கச்சிக்கு இறங்குங்கள். அங்கிருந்து இராமநாதபுரம், தருமபுரம். பிறகு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஏறி, முரசுமோட்டை, பரந்தன் வழியாகத் திரும்பலாம். விடியத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் வன்னி முழுவதும் பாதை கண்டுபிடிக்கலாம். இங்கே ஆற்றைப் பார்த்துப் பாதை தேடினால் பாதி ஆண்டுக்கு வெறும் மணல்தான் தெரியும். குளத்தைப் பார்த்துத் தேடுங்கள். கனகராயன் ஆறு தெற்கேயிருந்து மாங்குளம் பக்கமாக வந்து இரணைமடுவில் விழுகிறது. குளத்துக்குக் கீழே அதன் தண்ணீர் இரண்டு கரை வாய்க்கால்களாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. மிச்சம் சுண்டிக்குளம் கடனீரேரிக்கு. வாய்க்கால் எங்கே போகிறதோ அங்கெல்லாம் அதைப் பராமரிக்க ஒரு கிரவல் பாதை கூடவே போகும். தண்ணீர் மெல்லிய சரிவில்தான் ஓட முடியும், ஆகவே பாதையும் அப்படியே. வவுனிக்குளம் பாலியாற்றின் குளம், முத்துஐயன்கட்டு பேராற்றின் குளம். எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றுதான்.

கேள்வி (முல்லைத்தீவு): காட்டுப்பாதையில் இறங்க வீட்டில் விடுகிறார்கள் இல்லை. மிதிவெடிப் பயம் இன்னும் நியாயமானதா?

பதில்: நியாயமானதுதான். வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது, உண்மை. ஆனால் வேலை முற்றாக முடியவில்லை. அதோடு, மிதிவெடி மட்டும் இல்லை, வெடிக்காத எறிகணையும் கிடக்கும். மாரி வெள்ளம் மண்ணை அரித்து, மூடிக் கிடந்ததை மேலே கொண்டுவரும், இடத்தையும் மாற்றிவிடும். போன வருடம் யாரோ நடந்த இடம் என்பதால் இந்த வருடமும் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது.

நான் விடாமல் கடைப்பிடிப்பது இதுதான்: அன்றாடம் உழவு இயந்திரமோ மாட்டுவண்டியோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோ போய்வரும் பாதையில் மட்டும் ஓடுவேன். போனில் கோடு தெரிகிறது, நிலத்தில் புல் மூடிக் கிடக்கிறது என்றால் திரும்பிவிடுவேன். ஆட்கள் மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு: சிறுநீர் கழிக்கவென்று பற்றைக்குள் போவது. பாதை ஓரத்திலேயே நில்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. படம் எடுக்கவும் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்னால் போய், பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்த வழியால் மாடு சாய்க்கிற ஒரு பிள்ளை வரும்.

கேள்வி (ஜேர்மனி): மோசல் ஆற்றுப் பக்கம் முந்திரிகைத் (திராட்சை) தோட்ட மலைகளுக்கு நடுவே ஓடிப் பழகியவன். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன், சைக்கிளும் கொண்டுவருகிறேன். வன்னியில் அதுபோல ஏதும் உண்டா?

பதில்: மலையும் இல்லை, முந்திரிகைப் பந்தலும் இல்லை. பந்தல் பார்க்க வேண்டுமென்றால் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம்தான் போக வேண்டும். வவுனியாவே கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் அளவில்தான் நிற்கிறது. அங்கிருந்து கடல்வரை நிலம் மெல்லத் தாழ்கிறது. பிறெம் ஊருக்கு மேலே கல்மோன்ட் சரிவில் ஏறியிருப்பீர்கள். அப்படியான ஏற்றத்தை இங்கே தேடி ஏமாற வேண்டாம்.

ஆனால் ஒரு ஒற்றுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மோசலில் நீங்கள் ஓடும் பாதைகள் தோட்டக்காரர் தங்கள் வேலைக்குப் போட்டவை. இத்தாலியின் தஸ்கனியில் வெள்ளைக் கிரவல் வீதிகளும் பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் போட்டவைதான். அந்த வீதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் 1997இல் லெறோயிக்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து 2007இல் பெரிய வீரர்கள் ஓடும் ஸ்ராதே பியாங்கே என்ற போட்டி பிறந்தது. நம் வாய்க்கால் பாதைகளும் உழைக்கிறவர்களின் பாதைகள். அங்கே செப்டெம்பர், ஒக்டோபரில் பழம் பறிக்கும்போது உழவு இயந்திரத்துக்கு ஒதுங்கி நிற்பீர்கள் அல்லவா? இங்கே நீங்கள் வரும் ஆகஸ்டில் சிறுபோக அறுவடை தொடங்கியிருக்கும். வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள். வழியே இல்லையென்றால் இறங்கி ஓரமாக உருட்டுங்கள். அது ஒரு குடும்பத்தின் வருமானம்.

ஏற்றம் இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். உங்கள் மாதத்தில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே மாங்குளத்தில் தொடங்கி மேற்கே போகாமல், விடியற்காலை வெள்ளாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே வாருங்கள். பிரதான வீதி தார் போட்டது. மல்லாவியில் தெற்கே திரும்பி வவுனிக்குளத்துக்குப் போனால் கிரவல் கிடைக்கும். கட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், முதுகில் காற்று. எனக்கு வன்னியில் மிகப் பிடித்த ஓட்டம் இது. அப்புறம் மாங்குளம். ரயில் நிலையமும் அங்கேயே இருக்கிறது.

கேள்வி (வவுனியா): என்னிடம் லுமாலா சைக்கிள்தான் இருக்கு. இது காணுமா?

பதில்: தாராளமாகக் காணும். சமதரையில் கியர் முக்கியமில்லை. பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, நல்ல ரயர் போடுங்கள். வயலுக்குப் போகிற ஐயாமார் அதே சைக்கிளில் கரியரில் ஒரு மூட்டை உரமும் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

கேள்வி (கொழும்பு): ரயர் அகலம், காற்று அளவு சொல்லுங்கள்.

பதில்: 40 மில்லிமீற்றருக்குக் கீழே வேண்டாம், 45 இருந்தால் மணலில் புதையாமல் போகலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 45 மில்லிமீற்றர் ரயரில் 30 – 35 பீஎஸ்ஐ போதும். கிரவல் தகரம்போல வரிவரியாகக் கிடக்கும் இடங்களில் கைக்கு அந்த மென்மை தேவை. ரியூப் இல்லாத ரயர் என்றால் உள்ளே விட்ட பசை இந்தச் சூட்டில் சீக்கிரம் காயும், அடிக்கடி பாருங்கள். எதுவானாலும் இரண்டு ரியூப், ஒட்டுப்போடும் சாமான், பம்ப். சூரை முள்ளும் உடை முள்ளும் யாரையும் விட்டுவைக்காது.

கேள்வி (மன்னார்): அருவியாற்றுப் பக்கம் நல்ல பாதை உண்டா, அண்ணா? நாங்கள் நான்கு பெண்கள்.

பதில்: உண்டு தங்கச்சி, நல்ல தெரிவு. அனுராதபுரம் பக்கமிருந்து வரும் இந்த ஆறு 164 கிலோமீற்றர் நீளம். கரையில் பெரிய மருத மரங்கள் நிற்பதால் கோடையிலும் நிழல் இருக்கும். மடு வீதிச் சந்தியிலிருந்து குஞ்சுக்குளம் போய்த் தொங்குபாலத்தைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரைக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பிவிடும் தேக்கம் அணையும் அந்தப் பக்கம்தான். பிறகு கட்டுக்கரைக் குளத்தடியால் முருங்கனுக்கு இறங்கலாம். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் வீதி முழுக்க வாகனம், அப்போது தவிருங்கள். மழை பெய்திருந்தாலும் தவிருங்கள். முருங்கன் களி ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றிப்போன மண். ஈரத்தில் சில்லைச் சுற்றிப் பிடித்தால் சைக்கிளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். குளிக்க ஆசைப்பட்டால், ஊர்ப் பெண்கள் குளிக்கும் துறையில் மட்டும். மற்ற இடங்களில் முதலை இருக்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): யானை?

பதில்: காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் காட்டோரம் ஓடாதீர்கள். முத்துஐயன்கட்டு, நெடுங்கேணிப் பக்கம் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். புதுச் சாணம் கண்டால் நின்று கேளுங்கள். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடவே வேண்டாம். யானை தெரிந்தால் சத்தம் போடாமல் திரும்பி, தூரப் போய்விடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது பார்க்க ஓடி வரலாமா?

பதில்: பஸ்ஸில் வாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது கீழே ஊர்கள் எப்படி மூழ்கின என்று கண்டவர்கள், அந்தத் தண்ணீரின் பக்கத்தில் சைக்கிளோடு நிற்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரமான குளக்கட்டில் சில்லு பதித்த தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், தடம் பள்ளமாகும், பள்ளம் குளக்கட்டைத் தின்னும். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் அந்தக் கட்டை நம்பி இருக்கிறது. மாசியில் மண் இறுகிய பிறகு வந்தால் குளமும் நிறைந்திருக்கும், பாதையும் தாங்கும். வைகாசிக்குப் பிறகு பாலைப்பழமும் கிடைக்கும்.

கேள்வி (பரந்தன்): தண்ணீர் எவ்வளவு கொண்டுபோவது?

பதில்: மணிக்கு முக்கால் லீற்றர், கோடையில் ஒரு லீற்றர். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்து வையுங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்கிப் பைக்குள் போட்டால் உப்பும் பசியும் சமாளிக்கலாம். காட்டுப்பகுதியில் அடுத்த கடை எங்கே என்று முன் கடையிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது பாதையையும் கேளுங்கள். எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்பதெல்லாம் அங்கே தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.