கைபேசிக்குள் விரிவுரை மண்டபம்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் என் மகள், விரிவுரையாளரின் வட்ஸ்அப் செய்திகளுக்கு நள்ளிரவிலும் பதில் எழுதுகிறாள். இதுவா பல்கலைக்கழகப் படிப்பு? (ஒரு தாய், ஏறாவூர்)

பதில்: 2020 இல் பெருந்தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் (LEARN) எனப்படும் இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாக சூம் வகுப்புகள் நடந்ததால்தான் நம் மாணவரின் படிப்பு முற்றாக அறுந்துபோகவில்லை. ஆனால் அன்று அவசரத்துக்குத் திறந்த கதவு இன்னும் சாத்தப்படவில்லை. குறிப்புகள் எப்படியும் கைபேசிக்கு வந்துவிடும் என்று எழுதுவதையே விட்டுவிடும் மாணவர், கேட்டதைத் தம் சொற்களில் சுருக்கி எழுதும்போது உண்டாகும் விளக்கத்தை இழக்கிறார். என்னுடைய பெரிய கவலை அதுதான். நள்ளிரவுச் செய்தியைப் பொறுத்தவரை, விரிவுரையாளர் (அவருக்கும் உறக்கம் வேண்டுமே) உடனடிப் பதிலை எதிர்பார்க்கிறாரா என்று மகள் அவரிடமே கேட்கட்டும். இல்லை என்றால், பதிலைக் காலையில் எழுதலாம்.